உப்பில்லாத ஓணம்

செங்கல்
18-7-96

அன்புள்ள லேகாவுக்கு,

மாமி எழுதுவது. மகாதேவன் புண்ணியத்தில் நானும் மாமாவும் சுகம். மனுவும் நீயும் பூனாவில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் இன்லண்ட் கிடைத்தது. கல்யாணமாகி நான்கு வருஷத்தில் நீ எனக்கு எழுதியதெல்லாம் மனுவின் கடிதத்து வாலில் இரண்டு வரி. "மாமிக்கும் மாமாவுக்கும் என் அன்பு, லேகா." அவ்வளவுதான். இப்போது ஒரு முழு இன்லண்ட், மடிப்புக்குள்ளேயும் நுணுக்கி எழுதியிருக்கிறாய், எல்லாம் ஓணச் சமையலைப் பற்றி. அவியலுக்கு என்ன காய், எரிசேரிக்குத் தேங்காய் எப்படி வறுப்பது, இஞ்சிக்கறிக்கு எவ்வளவு புளி, ஓலன், பிரதமன் என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாய். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "பிள்ள ஆசையாட்டு கேக்குது, எழுதிக் குடு" என்றார். அவர் வாழைக்குலை வாங்க வருகிறவன் சொல்லும் விலையையும் அப்படியே நம்புகிறவர். நான் அப்படி இல்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

உன் மனசில் இருப்பதை நானே சொல்லிவிடுகிறேன். அங்கேயே இலை போட்டு எல்லாம் விளம்பக் கற்றுக்கொண்டால் மனு ஓணத்துக்கு ஊருக்கு வரவேண்டிய தேவை இல்லை. போன வருஷம் லீவு இல்லை என்றான், சரி. இந்த வருஷமும் வரமாட்டான், அதற்கு நீ இப்போதே வழி வெட்டுகிறாய். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவளிடம் அவனை வருஷத்துக்கு ஒரு தடவை இழுத்துக்கொண்டு வர இருக்கும் கயிறு இந்தச் சமையல்தான். அதையும் அவிழ்த்து உன் கையில் தரச் சொல்கிறாய்.

நான் தமிழில் எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதே. பாறசாலையில் நான் படித்த காலத்தில் எனக்குத் தமிழ்ப் பாடம்தான். நீயும் குழித்துறைக்காரி, தமிழ் படித்தவள். மனுவை மாமா மலையாளப் பள்ளியில் சேர்த்துவிட்டார். தமிழ் பேசுவான், எழுத்து ஒன்றும் ஓடாது. அதனால் நாம் இரண்டு பேரும் மனசில் உள்ளதை மறைக்காமல் எழுதலாம்.

கேட்டதற்குக் கொஞ்சம் சொல்கிறேன். அவியலுக்குச் சேனை, வாழைக்காய், வெள்ளரிக்காய், முருங்கைக்காய், பயறு, புடலங்காய். எல்லாம் சுண்டுவிரல் நீளம், ஒரே கனம். போன தடவை வந்தபோது நீ சேனையைச் சதுரமாக வெட்டி வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தேன். காய் வெந்ததும் தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் கரகரப்பாக அரைத்துப் போட்டு, புளித்த தயிர் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கு. மேலே பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடிவிடு. கரண்டி போட்டுக் கிண்டாதே, பானையைப் பிடித்துக் குலுக்கு. உங்கள் வீட்டு அவியலில் உள்ளி கிடக்கும். நம் வீட்டில் கிடையாது.

எரிசேரிக்கு மத்தங்காயும், அதுதான் மஞ்சள் பூசணி, பெரும்பயறும். கடைசியில் தேங்காய்த் துருவலை எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொட்ட வேண்டும். சிவக்க என்றால் சிவக்க. அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு ஜன்னலில் போய் நிற்கிறவளுக்கு எரிசேரி வராது.

இஞ்சிக்கறிக்கு இஞ்சியைப் பொடியாக அரிந்து எண்ணெயில் முறுக வறுத்து இடித்துக்கொள். புளிக்கரைசலில் போட்டு மிளகாய்ப்பொடி, உப்பு, கொஞ்சம் கருப்பட்டி சேர்த்துக் குறுக்கு. அளவு கேட்டால் என்னிடம் இல்லை, என் கைக்குத்தான் தெரியும்.

ஓலனும் பிரதமனும் போளியும் எழுத மாட்டேன். வேண்டுமென்றால் மனுவைக் கூட்டிக்கொண்டு வா. என் அடுப்பங்கரையில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். இந்தத் தடவை கரண்டியும் தருகிறேன்.

இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை மனு உதியன்குளங்கரையில் ஜெயச்சந்திரன் கடைப் போனுக்குக் கூப்பிட்டான். பேசும்போது மூச்சு வாங்கியது. என்னலே இப்படி இளைக்குது என்று கேட்டால், மாடி ஏறி வந்தேன் அம்மா என்றான். ரோட்டோரத்துப் போன் பூத்திலிருந்து பேசுகிறவன் எந்த மாடியில் ஏறினான்? நீ அவனைச் சரியாகக் கவனிக்கிறாயா? ஓட்டல் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறாயா?

மழையில் வாழை நாலைந்து சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரத்னபாயின் வீட்டுக்காரர் ராபின்சனை வாரத்தில் இரண்டு தடவை திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பஸ் ஓட்டின மனுஷன், இப்போது பிடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது. பாவம். வேறு விசேஷம் இல்லை.

மனுவை லீவுக்கு எழுதிப் போடச் சொல். காணம் விற்றும் ஓணம் உண்ண வேணும் என்பார்கள். லீவு கேட்க நிலம் ஒன்றும் விற்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாமி சரோஜம்


செங்கல்
3-8-96

அன்புள்ள மகள் லேகாவுக்கு,

மாமியும் மாமாவும் சுகம். நீ சுகமாக இருக்கிறாயா என்று நான் இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை, காரியமாகத்தான் கேட்கிறேன். மேலே படி, உனக்கே புரியும்.

உன் பதில் வந்தது. லீவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஓட்டல் சாப்பாடு என்று குத்தியதற்கும் கோபம் இல்லை. "மாமி சொல்லித்தந்தபடி அவியல் வைத்தேன், நன்றாக வந்தது" என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கேட்கிறாய்: உப்பே போடாமல் வைத்தால் ருசி வர என்ன செய்யலாம்? முறத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓணத்துக்கு இலை போட்டு உப்பில்லாமல் விளம்புவதா? என்னைக் கேலி செய்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பக்கத்து வீட்டு சார் ஒருவர் ஓணத்துக்குச் சாப்பிட வருகிறார், அவருக்கு உப்பு ஆகாது என்று காரணம் எழுதியிருக்கிறாய். லேகா, நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. ஆனால் விருந்து வைத்து வைத்து வயசானவள். ஒருத்தருக்கு உப்பு ஆகாது என்றால் அவர் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றதில் உப்புப் போடுவார்கள். ஊரார் ஒருத்தருக்காக ஒரு வீட்டின் முழு ஓணத்திலும் உப்பை எடுக்க மாட்டார்கள். யாருக்காக ஒருத்தி முழுச் சமையலையும் மாற்றுவாள்? வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்காகத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

இரண்டு நாள் யோசித்தேன். தேங்காய் துருவும்போதும் அதே யோசனை. பிறகு சட்டென்று வெளிச்சம் வந்தது. மாமாவின் தங்கை மகள் ஓமனக்குட்டிக்கு வயிற்றில் பிள்ளை இருந்தபோது காலில் நீர் வைத்தது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அவளும் அப்போது இப்படித்தான் முகத்தை ஒளித்துக்கொண்டு திரிந்தாள்.

நீ சொல்லாததற்குக் காரணமும் எனக்குத் தெரிகிறது. மாதம் மூன்று ஆகாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது உங்கள் பக்கத்திலும் உண்டு. அதோடு நான்கு வருஷம் ஆகிவிட்டது, சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். லீவு கேட்காததும் அதனால்தான், ரயிலில் இவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு வரக்கூடாது. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள், நான் ஒரு நாளும் உன்னிடம் கேட்டதில்லை. ஆனால் கேட்காமல் இருந்ததால் எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. நேற்று மகேசுவரம் கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அழுதும்விட்டேன். பூசாரி என்ன நினைத்தாரோ.

அதனால் சொல்ல மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த ஓலனை இப்போது எழுதுகிறேன். உப்புக் குறைந்தாலும் தாங்குகிற கறி அது ஒன்றுதான். தடியங்காயைத் தோல் சீவி, உள்சோற்றை எடுத்துவிட்டு, மெல்லிய சதுரமாக அரி. (ஆமாம், இதற்குச் சதுரம்தான்.) வெள்ளைப் பூசணிதான் அது, அங்கே என்ன பெயரோ, கையால் காட்டி வாங்கு. பெரும்பயறு ஒரு பிடி தனியாக வேகவைத்துக்கொள். காயைப் பச்சைமிளகாய் கீறிப் போட்டு இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, பயறைச் சேர்த்து, கடைசியில் தலைப்பாலை விட்டு உடனே இறக்கு. மஞ்சள் கிடையாது, கடுகு கிடையாது. பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு சுற்று, கறிவேப்பிலை கையால் கசக்கி. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். பார்த்தால் ஒன்றுமில்லாத கறி மாதிரி இருக்கும், மனு இதைத்தான் இரண்டாவது தடவை கேட்பான்.

நாக்குக்கு உணக்கையாக இருக்குமே என்று ஒரு பரணி உப்பு நாரத்தங்காய் பார்சல் அனுப்பியிருக்கிறேன். உப்பு வேண்டாம் என்பவளுக்கு உப்பில் ஊறினதை அனுப்புகிறாளே என்று சிரிக்காதே. ஒரு நறுக்கு நாக்கில் வைத்தால் போதும், குமட்டல் நிற்கும். மீதியை மனு தின்பான். கூடவே ஓணக்கோடி: உனக்குச் சேலை, அவனுக்கு வேட்டி.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் எல்லாருக்கும் சொல்லிவிடுவார். நீயாக எழுதும்வரை என் வாய் திறக்காது. ஆனால் எழுது, லேகா. ஒரு வரி போதும். இப்படி ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

கனமான வாளி தூக்காதே. உன் வயிறும் வாழ்வும் நிறையட்டும்.

அன்புடன்,
மாமி


செங்கல்
17-8-96

லேகாவுக்கு,

மாமி எழுதுவது. சுகம் விசாரிக்கிற வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. அந்த நாரத்தங்காய்ப் பரணி வந்து சேர்ந்திருந்தால் மனுவின் கண்ணில் படாமல் தூக்கி எறி. முதல் காரியம் அது.

எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், இல்லாவிட்டால் மனு உன்னைக் கோபிப்பான். நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் கேள்விதான் சொன்னது.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இல்லை மாமி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால், பின் உப்பு யாருக்கு என்று நான் கேட்பேன், அந்தப் பயம் உனக்கு. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி. காயை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு ஓலன் வைத்தால் நன்றாக இருக்குமா? தேங்காய்ப்பாலைப் பேருக்கு விட்டால் போதுமா?

காய் வெந்த தண்ணீரை யார் கொட்டுவார்கள், சத்தெல்லாம் அதில்தானே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் ரத்னபாய் ஒரு சட்டியைச் சாய்த்து வெள்ளரிக்காய் வெந்த தண்ணீரை வாழைமூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் எத்தனையோ நாள் பார்த்ததுதான். அன்றுதான் கேட்டேன், எதற்கடி ஊற்றுகிறாய் என்று. "பின்ன என்ன செய்ய சேச்சி, அவருக்க கிட்னிக்குக் காய்க்க சத்து ஆகாது. வேகவச்சு வெள்ளத்த ஊத்திற்றுத்தான் குடுக்கணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. உப்பும் பிடாது, தேங்காயும் பிடாது, குடிக்க வெள்ளம்கூட அளந்துதான்" என்றாள்.

போனில் மனுவுக்கு மூச்சு வாங்கியது, மாடி ஏறினேன் என்று அவன் சொன்னது, லீவு இல்லை என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. நான் அதையெல்லாம் கோத்து ஒரு பேரக்குழந்தையைச் செய்து வைத்திருந்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முந்திய ஞாயிறு மனு போன் செய்தபோது என்னால் வாயை அடக்க முடியவில்லை. உனக்கு வாக்குக் கொடுத்ததை மறந்து, எலே, நீயும் அப்பன் ஆகப்போறே, இனியாவது நேரத்துக்கு வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டேன். அவன், "அம்மா, சத்தம் சரியாட்டு கேக்கல்ல, வைக்கட்டா" என்றான். நான் சிரித்துக்கொண்டே வந்தேன், லேகா. ஜெயச்சந்திரனுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவன் அங்கே எப்படி நின்றிருப்பான் என்று இப்போது நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் களியக்காவிளை போய் பஸ் மாறி, சொல்லாமல் கொள்ளாமல் குழித்துறையில் உன் வீட்டில் போய் நின்றேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்ததும் காப்பி போடுகிறேன் என்று உள்ளே ஓடினாள். உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்விதான் கேட்டேன். அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பங்குனியிலிருந்தே தெரியுமாம். இரண்டு கிட்னியும் போய்விட்டது, ராபின்சனுக்குச் செய்கிற மாதிரி அவனுக்கும் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள், வேலைக்குப் பாதி நாள்தான் போகிறான், எல்லாம் உன் வீட்டுக்குத் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று மனு சத்தியம் வாங்கியிருக்கிறான். அம்மா தாங்க மாட்டாள் என்றானாம். எனக்கு அங்கேயே கோபம் பொங்கியது. என்னத்தைத் தாங்க மாட்டேன்? அவனைப் பெற்றபோது மூன்று நாள் வலித்தது, தாங்கவில்லையா?

கோபத்தோடு எழுந்தவளை உன் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "சம்பந்தியே, அவளுக்க கிட்னி ஒண்ண குடுக்கப் போறாளாம். டாக்டரு சேரும்னு சொல்லிற்றாராம். ஓணம் கழிஞ்சு கையெழுத்தாக்கும். நான் சொன்னா கேக்க மாட்டா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். என் சொல்லை நீ கேட்பாய் என்று எதை வைத்து நம்பினாளோ தெரியவில்லை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் மகனை என்னிடமிருந்து பிரிக்கிறாய் என்று நான் எழுதிய கடிதத்தை நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்துதானே படித்திருப்பாய். மாமி என்ன எழுதியிருக்கிறாள் என்று அவன் கேட்டிருப்பான். அவியலைப் பற்றி என்று சொல்லியிருப்பாய்.

அவன் ஓணச் சாப்பாடு கேட்டிருக்கிறான், அதுதானே காரியம்? ஊருக்கு வர முடியாது, நம் வீட்டு ருசி வேண்டும் என்றிருக்கிறான். அதற்காகத்தான் நீ முழு இன்லண்ட் எழுதினாய். இதைக்கூட நானாகத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சரி, கேள். நேற்று உப்பில்லாமல் நானே சமைத்துப் பார்த்தேன். ரத்னபாய் கூட இருந்தாள். தடியங்காயை அவள் சொன்னபடி வேகவைத்து வடித்தேன். சப்பென்றுதான் போகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வடித்த காயை நசுக்கின இஞ்சியோடும் கீறின பச்சைமிளகாயோடும் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, தலைப்பால் இரண்டு கரண்டி மட்டும் விட்டு இறக்கினால் நாக்குக் கொஞ்சம் ஏமாறுகிறது. பயறு வேண்டாம். கறிவேப்பிலையை இரட்டிப்பாகப் போடு, வாசனை பாதிப் பசியை ஆற்றும். அவியலில் சேனையையும் வாழைக்காயையும் முருங்கையையும் மற. வெள்ளரியும் புடலையும் போதும். எரிசேரி வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் டாக்டரிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு வை, நான் சொன்னேன் என்று வைக்காதே.

மாமாவுக்கும் அதையே விளம்பினேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உப்பு மறந்தாச்சா என்றார். அப்போதுதான் சொன்னேன். இலையை மடக்காமல் எழுந்து கைகழுவிவிட்டு வாழை விளைக்குப் போனார். பிறகு போய்ப் பார்த்தபோது சாய்ந்த வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். குலை வெட்டிய வாழைக்குக்கூட முட்டுக் கொடுத்திருந்தார்.

இன்று காலையில் ரத்னபாயைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போய் ரத்தம் சோதித்தேன். மனுவுக்கு பி என்று உன் அம்மா சொன்னாள். எனக்கும் பி. அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்டு. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவர் ஆகமாட்டார். எனக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, கோபம் மட்டும்தான் உண்டு. பெற்றவர்கள் கொடுத்தால் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்று ராபின்சனின் டாக்டர் சொல்லியிருக்கிறார். பாவம் ராபின்சனுக்குப் பெற்றவர்கள் இல்லை. மனுவுக்கு நான் இருக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை பம்பாய் வண்டியில் நானும் மாமாவும் புறப்படுகிறோம். ஓணத்துக்கு முன்னால் பூனா வந்துவிடுவோம். மனுவிடம் சொல்லாதே. சொன்னால் வேண்டாம் என்பான், சண்டை போடுவான். அவனை நேரில் நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் உடம்பில் முதலில் இருந்ததெல்லாம் என்னுடையதுதான். இன்னும் கொஞ்சம் கொடுக்க அவனிடம் சம்மதம் கேட்க வேண்டுமா?

உன் மேல் எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை, லேகா. நான் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. வாயைத் திறக்காமல் காரியத்தை முடிக்கிறவள் நீ, மூன்று கடிதத்தில் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதைக் கெஞ்சி எழுதுகிறேன். நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை. நீ இனிமேல் பெற வேண்டியவள். நான் பெற்று முடித்தவள். உன்னுடையது உன்னிடமே இருக்கட்டும், மக்ளே.

உன் பெயரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை அடிக்கச் சொல். பக்கத்தில் என் பெயரை எழுதச் சொல். சரோஜம், வயது ஐம்பத்திரண்டு, செங்கல். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். அம்மா என்று எழுதச் சொல்.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

சரோஜம்